கடைவாசலும் கணினித்திரையும்: சிறுவணிக இணையத்தளங்களின் அணுகுதகைமை பற்றிய சில குறிப்புகள்

1

வணிகம் என்பது பண்டமும் பணமும் கைமாறும் நிகழ்ச்சி மாத்திரமன்று. அது மனிதருக்கிடையே நிலவும் ஓர் உறவுமாகும். யாழ்ப்பாணத்துச் சந்தியொன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரை மனத்திற் கொள்வோம். அவரது கடைவாசலில் இரண்டு படிகள் இருக்கலாம். விலைப்பட்டியல் மங்கிய சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கலாம். இறாக்கைகள் எட்டாத உயரத்தில் அமைந்திருக்கலாம். ஆயினும், பார்வை குன்றிய முதியவர் ஒருவர் வாசலில் வந்து நிற்பாராயின், கடைக்காரர் விலையை வாயாற் சொல்வார். சாமானை எடுத்துக் கையிற் கொடுப்பார். மீதிக் காசை எண்ணிக் கொடுப்பார். கடையின் அமைப்பிலுள்ள குறைகளைக் கடைக்காரரின் வாயும் கையும் ஈடுசெய்து விடுகின்றன.

இதே வணிகம் இணையத்துக்கு இடம்பெயரும்பொழுது கடைக்காரர் மறைந்து போகின்றார். அங்கு எஞ்சி நிற்பது கடையின் அமைப்பு மாத்திரமே. படத்தைக் காண முடியாதவருக்கு அது என்ன படம் என்று எடுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லை. பிழையாக நிரப்பப்பட்ட படிவத்தைக் கண்டு, 'ஐயா, உங்கள் தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் குறைகிறது' என்று கூறவும் எவரும் இல்லை. ஆகவே, கடைக்காரர் வாயாற் சொல்லியிருக்கக்கூடியவை யாவும் தளத்தின் அமைப்பிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அணுகுதகைமை என இன்று வழங்கும் கருத்தின் சாரம் இதுவே. இக்கட்டுரை அக்கருத்தின் சமூக அடிப்படையையும், சிறுவணிகர் ஒருவர் தமது தளத்தில் அதனைச் செயற்படுத்தும் வழிகளையும் சுருக்கமாக விளக்க முற்படுகின்றது.

2

உடற் குறைபாட்டை நோக்கும் முறையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முன்னர் குறைபாடு என்பது தனிமனிதரின் உடலில் உறைந்துள்ள துன்பமாகவும், மருத்துவத்தாலோ தருமத்தாலோ தணிக்கப்பட வேண்டியதாகவுமே பெரிதும் கருதப்பட்டது. பிரித்தானியாவில் 1972இல் தோன்றிய, வேறுபடுத்தலுக்கு எதிரான உடலூனமுற்றோர் ஒன்றியம் இந்நோக்கைத் தலைகீழாக்கிற்று. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு எதிராக இயங்கிச் சிறைப்பட்டு, பின்னர் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்த விக் ஃபிங்கல்ஸ்ரைன் அவ்வொன்றியத்தின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு சமூக அமைப்பே மனிதரை ஒதுக்கித் தள்ளவல்லது என்பதை அவர் தமது சொந்த அனுபவத்தில் அறிந்திருந்தார். உடலில் உள்ள குறை வேறு, அக்குறையுள்ளோர் மீது சமூகம் சுமத்தும் இயலாமை வேறு என 1976இல் அவ்வொன்றியம் வரையறுத்தது. இக்கருத்தையே 1983இல் மைக்கல் ஒலிவர் 'சமூக மாதிரி' எனப் பெயரிட்டு வளர்த்தெடுத்தார்.

இந்நோக்கின்படி, சக்கர நாற்காலியில் வருபவரைத் தடுப்பது அவரது கால்களல்ல, படிகளே. அவ்வாறே, கண் தெரியாத ஒருவர் இணையக் கடையில் ஒரு பொருளை வாங்க முடியாது போவதற்குக் காரணம் அவரது கண்களல்ல. அக்கடை கட்டப்பட்ட முறையேயாகும். படிகளைக் கட்டியவர் மனிதர். எனவே அவற்றை மாற்றவும் மனிதரால் இயலும்.

ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம் தனது 9ஆம் உறுப்புரையில் கட்டடங்கள், போக்குவரத்து என்பவற்றோடு தகவல் தொடர்பாடலையும் அணுகுதகைமைக்குரிய துறையாக வகுத்துரைக்கின்றது. இலங்கையில் இத்துறைக்கான சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாகும்; மேற்கூறிய சமவாயத்தை இலங்கை 2016இல் பின்னுறுதிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 வீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளல் போன்றவற்றுள் ஏதேனுமொன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். ஏறத்தாழப் பன்னிருவரில் ஒருவர் என இதனைக் கொள்ளலாம். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணையும் கையையும் செவிப்புலனையும் இழந்த பலரை விட்டுச் சென்றுள்ளது. அவர்களும் உண்கின்றனர், உடுக்கின்றனர், பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்குகின்றனர். வாடிக்கையாளர் என்ற வகையில் அவர்களைக் காணாத வணிகம், தன் ஊரையே காணாத வணிகமாகும்.

3

இணையப் பக்கமொன்று எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும். நாம் திரையிற் காண்பது வண்ணமும் வடிவமும் கூடிய ஒரு தோற்றம். அதன் பின்னால் எச்.ரி.எம்.எல். எனப்படும் குறிமுறையால் எழுதப்பட்ட ஓர் ஆவணம் உள்ளது. இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது பொத்தான் என அக்குறிமுறை ஒவ்வொரு கூற்றையும் பெயரிட்டுக் காட்டுகின்றது. கண்ணால் வாசிப்பவர் தோற்றத்தை நாடுகின்றார். திரைவாசிப்பான் என்னும் மென்பொருளோ குறிமுறையை வாசித்துக் குரலாக மாற்றுகின்றது. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவவும், இணைப்புகளை மாத்திரம் பட்டியலிட்டுக் கேட்கவும் அது வழிசெய்கின்றது. தலைப்பைத் தலைப்பெனக் குறிக்காது, எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால், கண்ணுக்கு அது தலைப்பாகத் தோன்றும். செவிக்கோ மற்றுமொரு வரியாகவே கேட்கும். அட்டவணையும் அத்தியாயப் பெயர்களும் இல்லாத நூலைப் புரட்டுவோரின் நிலை அவருடையது.

திரைவாசிப்பான்கள் ஒரு காலத்தில் விலை மிகுந்தவையாக இருந்தன. பார்வையற்றவர்களான மைக்கல் கரன், ஜேம்ஸ் ரே என்னும் இரு அவுஸ்திரேலிய இளைஞர்கள், பார்வையுள்ளவர் கணினியைப் பயன்படுத்தக் கொடுக்கும் விலைக்கு மேலாகப் பார்வையற்றவர் கொடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடு 2006ஆம் ஆண்டளவில் தொடக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அது தமிழையும் வாசிக்கும். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் 'டோக்பாக்' என்னும் திரைவாசிப்பான் அமைப்போடு கூடவே வருகின்றது. எனவே, கேட்கும் கருவி இன்று ஏழையின் கையிலும் உள்ளது. கேட்கத்தக்கவாறு எழுதப்பட்ட பக்கங்களே அரியனவாக உள்ளன.

உலகளாவிய வலையை 1989இல் வகுத்தளித்த ரிம் பேர்ணர்ஸ்-லீ 1994இல் நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 1997இல் அணுகுதகைமைக்கெனத் தனி முயற்சியொன்றை ஆரம்பித்தது. அதன் வழிகாட்டி முதலில் 1999இலும், முற்றாகத் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு 2008இலும், அதன் விரிவுகள் 2018இலும் 2023இலும் வெளிவந்தன. அவ்வழிகாட்டி நான்கு அடிப்படைகளைக் கொண்டது. உள்ளடக்கம் ஏதேனுமொரு புலனால் உணரத்தக்கதாதல் வேண்டும், ஏதேனுமொரு வழியால் இயக்கத்தக்கதாதல் வேண்டும், விளங்கிக்கொள்ளத்தக்கதாதல் வேண்டும், வெவ்வேறு கருவிகளிலும் உறுதியாக நிலைத்திருத்தல் வேண்டும்.

4

தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரையில் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஒரு தடை உண்டு. அது நமது எழுத்தைப் பற்றியது. யுனிக்கோட் முறை 1991இல் வெளிவந்த தனது முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. ஆயினும், பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்ட காலம் வேரூன்றி நின்றன. அவ்வெழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டது திரையில் தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் கோவையேயாகும். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த ஏற்பாடே அது. 'தமிழ்' என்னும் சொல் அங்கே 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றே பதிவாகின்றது. திரைவாசிப்பான் அதனை அவ்வாறே ஒலிக்கும். தமிழிற் கடை நடத்துவதாக எண்ணும் வணிகர், பார்வையற்ற தமிழரிடம் பொருளற்ற ஒலிகளைப் பேசிக்கொண்டிருக்கின்றார்.

இதற்குப் பரிகாரமாகப் பலர் மேற்கொள்ளும் வழி இதனினும் தீயது. விலைப்பட்டியலையும் விழாக்காலக் கழிவையும் அழகிய படமாக ஆக்கி, அப்படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகின்றனர். படத்தினுள் அகப்பட்ட எழுத்தைத் திரைவாசிப்பான் எழுத்தாகக் காண்பதில்லை. சிறு திரையில் அதனைப் பெருப்பித்தால் எழுத்துகள் சிதைந்து போகின்றன. தேடுபொறிகளுக்கும் அது பெரும்பாலும் எட்டாத பொருளே. பாமினியில் எழுதப்பட்டதும் அவ்வாறே. பார்வையற்றவருக்கு மூடப்பட்ட அதே கதவு, அப்பொருளைத் தேடிவரும் எவருக்கும் மூடப்படுகின்றது. வணிகரின் நலனும் ஒதுக்கப்பட்டோரின் உரிமையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

ஆகவே, தமிழ்ச் சிறுவணிகத் தளம் செய்யவேண்டிய முதற் காரியம் எழுத்தை யுனிக்கோட்டில் எழுத்தாகவே எழுதுவதாகும். இரண்டாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்பதைக் குறிமுறையில் ஒரு சொல்லாற் குறிப்பதாகும். இடையில் சிங்களமோ ஆங்கிலமோ வருமிடத்து அப்பகுதியையும் அவ்வாறே குறித்தல் வேண்டும். இக்குறிப்பு இன்றேல், திரைவாசிப்பான் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று தோற்றுப்போகலாம்.

5

ஏனைய காரியங்களை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம். பனையோலைப் பெட்டி, நீத்துப்பெட்டி, பனங்கட்டி என்பவற்றை விற்கும் ஒரு சிறு குடும்ப வணிகம் தனக்கென ஒரு தளத்தை அமைப்பதாகக் கொள்வோம்.

படங்கள் முதலில் வருவன. ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை ஒன்று எழுதப்படல் வேண்டும். அஃது இல்லாதவிடத்துத் திரைவாசிப்பான், 'ஐ.எம்.ஜி. 2034' என்பது போன்ற கோப்புப் பெயரையே வாசிக்க நேரும். 'பெட்டியின் படம்' என்று எழுதுவதாலும் பயன் விளையாது. 'மூடியுடன் கூடிய பனையோலைப் பெட்டி, ஒரு சாண் உயரம், சிவப்பும் பச்சையும் கலந்த பின்னல்' என எழுதுக. கடைக்காரர் வாயாற் சொல்லியிருக்கக்கூடியது இதுவே. வெறும் அலங்காரத்துக்காக இடப்பட்ட கோட்டுக்கும் பூவுக்கும் மாற்றுரை வெறுமையாக விடப்படல் வேண்டும். தேவையற்றதைக் கேட்கச் செய்வதும் ஒரு தொல்லையே.

அடுத்தது நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் சாதாரண எழுத்துக்கு ஆகக் குறைந்தது 4.5:1 ஆகவும், பெரிய எழுத்துக்கு 3:1 ஆகவும் இருத்தல் வேண்டும் என்பது மேற்கூறிய வழிகாட்டியின் இடைநிலைத் தரம். வெள்ளையில் கறுப்பின் விகிதம் 21:1. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இன்று நாகரிகமாகக் கருதப்படினும், அறுபது வயதைக் கடந்தவருக்கு அது மறைந்துபோன எழுத்தே. கைத்தொலைபேசியை வெயிலிற் பிடித்துப் படிக்கும் இளைஞருக்கும் அவ்வாறே. மேலும், 'சிவப்பில் உள்ளவை விற்றுத் தீர்ந்தன' என நிறத்தால் மாத்திரம் உணர்த்துதல் கூடாது. 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லாலும் எழுதுதல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காணாதோர் நம்மிடையே உள்ளனர்.

மூன்றாவது, இயக்கும் முறை. கையை இழந்தவரும், கை நடுங்குபவரும் சுட்டியைக் கையாள இயலாது. அவர்களுட் பலர் விசைப்பலகையாலோ, அதற்கு ஈடான கருவியாலோ பக்கத்தை இயக்குகின்றனர். 'டாப்' என்னும் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தி, தளத்தின் தொடக்கத்திலிருந்து பொருளைத் தெரிந்து, கட்டளையிட்டு முடிக்கும் வரை செல்ல முடிகின்றதா என்பதே இதற்கான சோதனை. தாம் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதைக் காட்டும் கட்டம் திரையில் தெளிவாகத் தெரிதல் வேண்டும். அழகைக் கெடுக்கின்றது எனக் கருதி வடிவமைப்பாளர் பலர் இக்கட்டத்தை நீக்கிவிடுகின்றனர். இருளில் நடப்பவரின் கைவிளக்கைப் பறிப்பதற்கு இஃது ஒப்பாகும். தொடவேண்டிய பொத்தான்கள் ஆகக் குறைந்தது 24 படப்புள்ளி அகலமும் உயரமும் கொண்டிருத்தல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விரிவிற் சேர்ந்த விதிகளுள் ஒன்று.

நான்காவது, கட்டளைப் படிவம். பெயர், முகவரி, தொலைபேசி என்னும் ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையான பெயர் அதனுடன் குறிமுறையிற் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பெட்டியினுள் மங்கலாக எழுதப்பட்டு, தட்டச்சிடத் தொடங்கியதும் மறைந்துபோகும் சொல் இதற்கு ஈடாகாது. மறதியுள்ளவர் தாம் எதனை நிரப்புகின்றோம் என்பதை இழந்துவிடுவார். பிழை நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதுடன் நில்லாது, எந்தப் பெட்டியில் என்ன பிழை, அதனைத் திருத்துவது எப்படி என்பதை எழுத்தில் கூறுதல் வேண்டும். வளைந்து நெளிந்த எழுத்துகளைக் கண்டு எழுதித் தாம் மனிதரென நிரூபிக்குமாறு கேட்கும் சோதனைகள், காணாதவரை மனிதரல்லர் எனத் தீர்ப்பளிக்கின்றன. அவற்றைத் தவிர்ப்பதே முறை.

ஐந்தாவது, ஒலியும் ஒளியும். பெட்டி முடையும் முறையைக் காட்டும் காணொளியில் பேச்சு இருப்பின், செவிப்புலனற்றோருக்காக அப்பேச்சு எழுத்திலும் அமைதல் வேண்டும். தானாகவே ஒலிக்கத் தொடங்கும் இசை, திரைவாசிப்பானின் குரலை மூழ்கடித்துவிடும் என்பதும் கவனிக்கத்தக்கது.

இறுதியாக, வறுமையும் ஒரு தடையே என்பதை மறத்தலாகாது. பழைய கைத்தொலைபேசியும் முற்கொடுப்பனவுத் தரவும் கொண்ட ஒருவர், பாரிய படங்கள் நிறைந்த பக்கம் திறக்கும் முன்னரே தம் பணத்தை இழக்கின்றார். படங்களைச் சுருக்கி ஏற்றுதல், கடனட்டை இல்லாதோருக்குப் பொருள் கைக்கெட்டியபின் பணம் செலுத்தும் வழி, பேச விரும்புவோருக்குத் தொலைபேசி இலக்கம், எளிய தமிழிலும் சிங்களத்திலும் அமைந்த விளக்கம் ஆகியனவும் அணுகுதகைமையின் பகுதிகளே. தொலைபேசி இலக்கமொன்று, மறைந்துபோன கடைக்காரரை ஓரளவுக்கேனும் மீட்டுத் தருகின்றது.

6

இவையெல்லாம் பெரு நிறுவனங்களுக்குரியவை, சிறுவணிகருக்கு இயலாதவை என்ற வாதம் எழக்கூடும். பெரு நிறுவனங்கள் தாமாக முன்வந்து இவற்றைச் செய்தன என வரலாறு கூறவில்லை. சிட்னி ஒலிம்பிக் விழாவின் தளத்தில் படங்களுக்கு மாற்றுரை இல்லை என்றும், போட்டி முடிவுகளின் அட்டவணைகளைத் தம்மால் அணுக முடியவில்லை என்றும் பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் 1999இல் முறையிட்டார். அதற்குப் பெருஞ் செலவாகும் என ஒழுங்கமைப்புக் குழு வாதிட்டது. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு அவ்வாதத்தை நிராகரித்து, பின்னர் 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடும் வழங்குமாறு பணித்தது. ஐக்கிய அமெரிக்காவில் டொமினோஸ் என்னும் உணவு நிறுவனத்தின் தளத்தில் பீற்சா வாங்க முடியாத பார்வையற்றவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1990ஆம் ஆண்டுச் சட்டம் இணையக் கடைக்கும் பொருந்தும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்த்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகுதகைமைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணைய வணிகத்துக்கும் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும், ஆண்டு விற்பனை 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத சேவை நிறுவனங்களுக்கு அச்சட்டம் விலக்களிக்கின்றது. இவ்விலக்கு சிறுவணிகரைத் தண்டத்திலிருந்து காக்கும். வாசலில் நிற்பவருக்குக் கதவைத் திறந்துவிடாது. சட்டம் எதனைக் கட்டாயப்படுத்துகின்றது என்பது ஒரு வினா. யாரை நாம் அயலவராகக் கொள்கின்றோம் என்பது பிறிதொரு வினா.

செலவு பற்றிய அச்சத்தைப் பயன்படுத்தி விற்கப்படும் போலிப் பரிகாரமும் ஒன்றுண்டு. ஒரு வரிக் குறிமுறையைச் சேர்த்தால் தளம் தானாகவே யாவருக்கும் உரியதாகிவிடும் என விளம்பரப்படுத்தப்படும் மேற்பூச்சுக் கருவிகளே அவை. அத்தகைய கருவியை விற்கும் அக்செசிபி என்னும் நிறுவனம் அவ்வாறு கூறியது ஏமாற்றுக் கூற்றென ஐக்கிய அமெரிக்காவின் வணிக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியதும், 10 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டதும் 2025ஆம் ஆண்டுச் செய்தி. அத்திவாரத்தில் உள்ள பிழையைச் சுண்ணாம்பு மறைக்கலாம், திருத்தாது.

உண்மையில் வேண்டப்படுவது பணத்தினும் கவனமே. வெப்எயிம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை ஆராய்கின்றது. 2025இல் அவற்றுள் 94.8 வீதமானவற்றில் கருவியாலேயே கண்டறியத்தக்க பிழைகள் காணப்பட்டன. அப்பிழைகளுள் மிகப் பெரும்பாலானவை ஆறு வகைக்குள் அடங்குவன: மங்கிய எழுத்து, மாற்றுரையற்ற படம், பெயரற்ற படிவப் பெட்டி, வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், குறிக்கப்படாத மொழி. இவற்றைத் திருத்தப் பெரும் பொறியியலறிவு வேண்டியதில்லை. சில பத்துப் பொருள்களை விற்கும் தளமாயின், ஓரிரு நாள் உழைப்பிற் பெரும்பகுதி முடிந்துவிடும். உண்மையில், பெருங்கடையின் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் திருத்துவதினும் சிறுகடையின் பத்துப் பக்கங்களைத் திருத்துவது எளிது. சிறுமை இங்கே வலிமையாகின்றது.

7

சோதித்தறியும் முறையும் எளியதே. சுட்டியை ஒதுக்கி வைத்து, விசைப்பலகையால் மாத்திரம் ஒரு பொருளை வாங்கிப் பார்க்க. எழுத்தை இரு மடங்காக்கிப் பக்கம் குலையாது நிற்கின்றதா என நோக்குக. கைத்தொலைபேசியின் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு விலையைக் கேட்டறிய முயல்க. இவற்றுக்குப் பின்னர், பார்வையற்ற ஒருவரையும் கை இயலாத ஒருவரையும் அழைத்து, அவர்கள் தாமே ஒரு பொருளை வாங்கும் வரை குறுக்கிடாது அருகில் இருந்து அவதானிக்க. அவர்களது நேரத்துக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். அவர்கள் அங்கு உதவி பெறுவோரல்லர், அறிவு தருவோர். எங்கே தடை உள்ளது என்பதை அத்தடையில் இடறியவரே நன்கறிவார்.

நமது பல்கலைக்கழகங்களின் கணினித் துறை மாணவர்கள் தத்தம் ஊரிலுள்ள ஒரு சிறுவணிகத் தளத்தையேனும் இவ்வாறு ஆராய்ந்து திருத்திக் கொடுப்பாராயின், அது சிறந்த செயன்முறைக் கல்வியாகவும் சமூகப் பணியாகவும் அமையும். தமிழ்த் துறையினருக்கும் இதிற் பங்குண்டு: நல்ல மாற்றுரை எழுதுதல் ஒரு மொழிப் பயிற்சியே.

ஒருவர் தம் வீட்டிலிருந்தவாறே, எவர் துணையுமின்றி, தாம் விரும்பிய பெட்டியின் நிறத்தைக் கேட்டறிந்து, விலையை ஒப்பிட்டு, தமது பணத்தைக் கொடுத்து வாங்குதல் ஏனையோருக்குச் சிறு காரியம். பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்நாள் முழுவதும் கடைக்குச் சென்ற ஒருவருக்கு அது சுயாதீனம். அச்சுயாதீனம் ஓரிரு சொற்களை உரிய இடத்தில் எழுதும் சிறு உழைப்பிற் கிட்டுமாயின், அவ்வுழைப்பைத் தவிர்ப்பதற்கு நம்மிடம் தக்க நியாயம் எதுவும் இல்லை.